முதல் பிடி ஆண்டவருக்கு

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி என் மனைவி என்னிடம் கடைசியாகச் சொன்னது, "லீவு பட்டனை மட்டும் தொட்றாதீங்க" என்பதுதான். கடைசி என்றால் அன்றைய தினத்துக்குக் கடைசி. அதற்குமேல் மயக்க மருந்து அவளைப் பேச விடவில்லை.

வேறு பெண்கள் அந்த இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எங்கள் மகன் சிங்கப்பூரிலும் மகள் கனடாவிலும் இருந்துகொண்டு, தாங்கள்தான் எங்களைப் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே என்னிடம் ஒப்படைக்க அவளுக்கு மிஞ்சியது கடை ஒன்றுதான்.

கடை என்றால் ஷட்டரும் கல்லாப்பெட்டியும் உள்ள கடை இல்லை. அது அவளுடைய செல்போனுக்குள் இருந்தது. நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் தொட்டு, தஞ்சாவூர்க்காரர்கள் நாங்கள் அந்தக் கதவு வழியாகப் பிள்ளைகளை அனுப்பிவைத்தோம். பல வருஷங்கள் கழித்து, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்ற என் மனைவி, அதே கதவு வழியாக அரிசியை அனுப்ப ஆரம்பித்தாள். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அவளுக்குப் பிறந்த வீட்டு நிலம் கொஞ்சம் உண்டு. குத்தகைக்காரரோடு ஒரு வருஷம் முழுக்கப் பேசி, அதில் ஒரு பகுதியில் கருப்புக்கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போட வைத்தாள். "டீச்சர் சொல்றாங்கன்னு போடுறேன், வித்தாப் பாப்போம்" என்று அவரும் போட்டார். விற்றது. மகன் ஏதோ ஒரு பெரிய விற்பனைக் கம்பெனியின் செயலியில் அவளுக்கு ஒரு கடையைத் திறந்துகொடுத்திருந்தான். பெங்களூரிலும் சென்னையிலும் உட்கார்ந்துகொண்டு, வெள்ளை அரிசியைக் கண்டு பயப்படும் மக்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்கினார்கள். வாங்கியவர்கள் நட்சத்திரம் போட்டார்கள். அந்த நட்சத்திரங்களை அவள் எண்ணுவதைப் பார்த்தால், பரீட்சைத் தாள் திருத்திய காலத்தில் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணைக் கஞ்சத்தனமாகப் போட்டவளா இவள் என்று தோன்றும்.

லீவு பட்டன் விஷயம் இதுதான். ஊருக்குப் போவதானால் கடையைத் தற்காலிகமாக மூடிவைக்க அந்தச் செயலியில் ஒரு பொத்தான் உண்டு. மகளின் கல்யாணத்தின்போது அதை அழுத்திவிட்டுப் போனாள். திரும்பி வந்து திறந்தபோது, அரிசி என்று தேடினால் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த அவள் கடை, யாரும் புரட்டாத ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் கிடந்தது. மேலே ஏறிவர ஒரு வருஷத்துக்குமேல் ஆயிற்று. இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள். ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். பித்தப்பையில் இருந்த கல் இந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

நான் வேலை பார்த்தது தணிக்கையில். சாலை போட்டதாகக் கணக்கு இருந்தால் அந்தச் சாலையில் நடந்து பார்ப்பவன் நான். சில சாலைகள் வயலில் போய் முடியும். சில தொடங்கவே தொடங்காது. அப்படிப்பட்டவனுக்கு அரிசியை எடை போட்டுப் பையில் கட்டி அனுப்புவது ஒரு வேலையா? மனைவி அதுவரை எப்படிச் செய்துவந்தாள் என்று பார்த்தேன். நடைமுறை என்று ஒன்றுமே இல்லை. அவளே எடை போடுகிறாள், அவளே பையை ஒட்டுகிறாள், அவளே முகவரியை ஒட்டுகிறாள். மூன்று வேலையையும் ஒரே ஆள் செய்தால் தவறு நடந்ததை யார் கண்டுபிடிப்பது? அவள் உடம்பு தேறி வருவதற்குள் கடையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

உதவிக்கு ஒரத்தநாட்டிலிருந்து மனைவியின் அக்கா வந்தார். ஓய்வுபெற்றுப் பேரன் பேத்தி எடுத்த என்னை இன்னமும் 'தம்பி' என்று அழைக்கும் ஒரே மனுஷி. வந்தவுடன் சமையலறையைக் கைப்பற்றினார். மருத்துவமனைக்குக் கஞ்சி போயிற்று, எனக்குச் சோறு வந்தது. பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"சும்மா உக்காந்திருக்க முடியல தம்பி. என்ன செய்யணும் சொல்லுங்க."

சொன்னேன். எடை போடுபவரும் பையை மூடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது தணிக்கையின் அடிப்படை. எனவே எடை என் பொறுப்பு. மூடுவது அவர் பொறுப்பு. கூடத்தில் தராசோடு நான் உட்கார்ந்தேன். பையை ஒட்டும் இயந்திரத்துக்கு மின் இணைப்பு சாப்பாட்டு அறையில்தான் இருந்தது. அக்கா அங்கே உட்கார்ந்தார். நான் ஒரு கிலோவைக் கிராம் சுத்தமாக நிறுத்து, பாத்திரத்தோடு நடுவில் ஒரு ஸ்டூலில் வைப்பேன். அவர் எடுத்துப் பையில் கொட்டி ஒட்டுவார். தராசு ஒன்றிரண்டு கிராம் கூடக் காட்டினால் நான் சில மணிகளைப் பொறுக்கி எடுத்துவிடுவேன்.

"நாலு அரிசியைப் போய் எண்ணி எடுக்குறீங்களே தம்பி. போனாப் போவட்டும்."

"அது இல்லைங்க அக்கா. கூடினா உங்க தங்கச்சிக்கு நட்டம். குறைஞ்சா வாங்குறவங்களுக்கு மோசடி."

"ஆமாமா. மோசடி கூடாது" என்று அக்கா ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் அச்சு பிசகாமல் நடந்தது. கூரியர்காரர் மாலையில் வந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார். மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நன்றாக முடிந்தது, ஆனால் காய்ச்சல் விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டதால் மனைவியை வீட்டுக்கு அனுப்பவில்லை. செல்போனை அவளிடம் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் அது என்னிடம் இருந்தது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று தினமும் அவளுக்கு வாய்மொழியாக அறிக்கை சமர்ப்பித்தேன்.

"எல்லாருக்கும் அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு."

"ஒண்ணும் கம்ப்ளைண்ட் இல்லையே?"

"என் காலத்துல கம்ப்ளைண்டா?"

இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், பெங்களூரிலிருந்து ஒரு பெண்மணி புகைப்படம் அனுப்பியிருந்தார். அவர் வீட்டுத் தராசு, அதன்மேல் எங்கள் பை, கீழே ஒரு கிலோவை எட்டாத எண். அதன்கீழ், 'ஆரோக்கியத்துக்காக வாங்கினேன். ஏமாற்றம்தான் ஆரோக்கியமாக வந்திருக்கிறது' என்று ஒரு குறிப்பு. நட்சத்திரம் ஒன்று. ஒன்றுக்குக் குறைவாகப் போட வழியில்லாததால் போட்ட ஒன்று.

வீட்டுத் தராசை நம்ப முடியாது என்று அந்த அம்மாளுக்கு மரியாதையாகப் பதில் எழுதினேன். மறுநாள் சென்னையிலிருந்து வந்தது. பிறகு கோயம்புத்தூர், ஓசூர் என்று இந்திய ரயில்வே போல வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே குற்றச்சாட்டு, கிட்டத்தட்ட ஒரே அளவு குறைவு. அதற்கடுத்த நாள் கம்பெனியிடமிருந்து அறிவிப்பு வந்தது. எடை குறைவு பற்றிப் பல புகார்கள் வந்துள்ளன. ஒரு வாரத்துக்குள் காரணத்தை விளக்கி, புகார் செய்தவர்களைத் திருப்திப்படுத்த வேண்டும். தவறினால் கடை நிரந்தரமாக மூடப்படும்.

உண்மையைச் சொன்னால், அந்த அறிவிப்பைப் படித்ததும் எனக்கு உற்சாகம் வந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ்! வாழ்நாள் முழுவதும் நான் பிறருக்கு அனுப்பியது. அதற்கு எப்படிப் பதில் எழுத வேண்டும் என்று என்னைவிட அறிந்தவர் யார்? பார்வையில் கண்டுள்ள தங்கள் அறிவிப்பு என்று தொடங்கி, கடையின் பின்னணி, நடைமுறை, கட்டுப்பாட்டு முறைகள் என வரிசையாக எழுதி, இறுதியில் புகார்கள் ஆதாரமற்றவை என்று நிறுவினேன். அனுப்பினேன். தேநீரை வாயில் வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. 'உங்கள் விளக்கத்தில் காரணம் எதுவும் காணப்படவில்லை.' எப்படி இவ்வளவு சீக்கிரம் படித்தார்கள் என்று ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் கட்டத்துக்குள் சில வரிகள்தான் கொள்ளும். என் விளக்கத்தில், 'உரிய பணிவுடன் கீழ்க்கண்டவாறு தெரிவித்துக்கொள்கிறேன்' என்பது வரைக்கும்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தே தீர வேண்டியதாயிற்று. அனுப்பாமல் மிச்சமிருந்த பைகளை நிறுத்துப் பார்த்தேன். எல்லாமே குறைவு. முதல் சந்தேகம் தராசின்மேல். கறிக்கடையில் முத்திரை போட்ட எடைக்கல் ஒன்றை இரவல் வாங்கிவந்து சோதித்தேன், தராசு யோக்கியம். அடுத்து எலி. எலியாக இருந்தால் பையில் ஓட்டை இருக்க வேண்டும். ஈரம் காய்ந்து எடை குறைந்திருக்குமோ என்று ஒரு பிடியை வெயிலில் வைத்துப் பார்த்தேன், குருவிதான் பயனடைந்தது. கூரியர்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தேன். அவர் பதிலுக்கு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சார், நானே சுகர் பேஷண்டு. அரிசியே திங்கிறதில்ல" என்றார்.

கடைசியில், ஸ்டூலை விட்டுவிட்டு அரிசிப் பாத்திரத்தைப் பின்தொடர்ந்து சாப்பாட்டு அறைக்குள் போனேன். அக்கா பாத்திரத்தை வாங்கினார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. வலது கையால் நிறைய ஒரு பிடி அள்ளிப் பக்கத்தில் இருந்த தகர டின்னில் போட்டார். மீதியைப் பையில் கொட்டி அழகாக ஒட்டினார்.

எங்கள் லுத்தரன் வீடுகளில் இது காலகாலமாக உள்ள வழக்கம். உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு டின்னில் போடுவார்கள். டின் நிறைந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர். எங்கள் வீட்டு டின் நிறைய மாதக்கணக்காகும். முந்தின ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போனவன் நானேதான். என்ன இவ்வளவு கனமாக இருக்கிறது என்று வியந்து, அக்காவின் பக்தியை மனதுக்குள் மெச்சியபடி தூக்கிக்கொண்டு போனேன். ஆராதனை முடிவில், 'ஒரத்தநாட்டிலிருந்து வந்திருக்கும் நம் சகோதரியின் தாராளம்' என்று பீடத்திலிருந்தே நன்றி சொல்லப்பட்டபோது அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டதும் நினைவுக்கு வந்தது.

"அக்கா, என்ன செய்யிறீங்க?"

"ஏன் தம்பி? அரிசியில கை வச்சா முதல் பிடி ஆண்டவருக்குத்தானே. கல்யாணமான நாள்லேருந்து நான் தவறினதில்ல."

"இது நம்ம சோறு இல்லைங்க. அடுத்தவங்க காசு கொடுத்து வாங்கின அரிசி."

"அதுக்கென்ன? அவங்களுக்குச் சேத்துத்தான் ஜெபம் பண்ணுறேன்."

"ஒவ்வொரு பைக்குமா?"

"பின்ன? நீங்க ஒவ்வொரு பைக்கும் தராசு வைக்கிறீங்க. நான் ஒவ்வொரு பைக்கும் ஜெபம் வைக்கிறேன்."

அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. எடை போடுபவரையும் மூடுபவரையும் தனித்தனியாக உட்காரவைத்த நடைமுறையில், எடை போட்ட பிறகு யாரும் பார்க்காத ஓர் இடத்தை நான்தான் பிரமாதமாக உருவாக்கிக் கொடுத்திருந்தேன். மனைவி ஒரே ஆளாக மூன்று வேலையும் பார்த்தபோது ஒரு மணி அரிசிகூடக் குறைந்ததில்லை.

அடுத்த நாள் மருத்துவமனையில் காய்ச்சல் இறங்கியிருந்தது. மருத்துவர் செல்போனைக் கொடுக்கலாம் என்றார். நான் மறந்துவிட்டு வந்ததாகச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், என் சட்டைப்பையிலேயே அது மணியடித்துக் காட்டிக்கொடுத்தது. அவள் வாங்கிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். நான் அக்கா விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"புது அரிசி தையிலதான் வரும். குடோன்ல இருந்ததெல்லாம் வந்த ஆர்டருக்கே சரியாப் போயிடுச்சு. இவங்களுக்குத் திரும்ப அனுப்பக்கூட அரிசி இல்ல."

"காசைத் திருப்பிக் கொடுத்துடுவோம்."

"காசு கொடுத்தா கம்ப்ளைண்ட் போயிடாதுங்க. அது அவங்களா வாபஸ் வாங்குனாத்தான் போவும்." போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். "இந்தக் கடை போச்சுன்னா நான் மறுபடி ரிட்டயர்டு டீச்சர்தான். காலையில எந்திரிச்சுப் பேப்பர் படிச்சுட்டு, உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

என் முகத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனாலும் அதைப் பார்ப்பது ஒரு தண்டனையாகக் குறிப்பிடப்பட்டது எனக்கு விஷயத்தின் தீவிரத்தை உணர்த்தியது.

மருத்துவமனையிலிருந்து நேராக ஆலயத்துக்குப் போனேன். எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது. எங்கள் ஐயர் வயதில் என்னைவிட மிகச் சின்னவர், சாந்தமானவர். நான் அவரை 'ஐயா' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, முகத்தில் சிரிப்பு வராமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"அரிசியத் திருப்பிக் கொடுத்துடலாம் சார். ஆனா காணிக்கையத் திருப்பிக் கொடுக்க நம்ம சபைச் சட்டத்துல இடம் இருக்கா?"

"இல்லைங்க ஐயா. சட்டத்தத் திருத்தி எழுதின கமிட்டியில நான் இருந்தேன். இடம் இல்லாமப் பாத்துக்கிட்டதே நான்தான்."

எதற்கும் பார்ப்போம் என்று, காணிக்கை அரிசியைக் கொட்டிவைக்கும் பீப்பாயிடம் என்னை அழைத்துப்போனார். இடம் இருந்திருந்தாலும் பயனில்லை. என் மனைவியின் கருப்புக்கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும், மற்ற வீட்டார் கொண்டுவந்த பொன்னியோடும் ரேஷன் அரிசியோடும் பிரிக்க முடியாதபடி கலந்து, சபை ஒற்றுமைக்கு நல்ல எடுத்துக்காட்டாக இருந்தது.

பீப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் மண்டைக்குள் பழைய உத்தியோகம் விழித்துக்கொண்டது.

"ஐயா, இந்தக் காணிக்கை யார் பேர்ல வரவு வச்சிருக்கீங்க?"

"உங்க மனைவியோட அக்கா பேர்லதான்."

"அது தப்பான பதிவு."

"எப்படி சார்?"

"விலை கொடுத்த நிமிஷத்துல அரிசி வாங்கினவருக்குச் சொந்தம். அவரோட அரிசியிலேருந்து எடுத்து ஒருத்தர் காணிக்கை போட்டா, கொடுத்தவர் யாரு? போட்டவர் இல்ல, சொந்தக்காரர். பெங்களூர் அம்மாவும் ஓசூர்க்காரரும்தான் நம்ம ஆலயத்துக்குக் கொடுத்திருக்காங்க. நாம அவங்களுக்கு ரசீதும் கொடுக்கல, நன்றியும் சொல்லல."

ஐயர் என்னையே பார்த்தார். பிறகு மெல்ல, "அறுப்புப் பண்டிகைக்குக் கோழி, பூசணிக்காய் வந்தா எழுதிக் கொடுக்குற பொருள் காணிக்கை ரசீது புத்தகம் இருக்கு சார்" என்றார்.

"அது போதும். ஆலய முத்திரையோட."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதை விளக்கினேன். முதல் வாக்கியத்திலேயே அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்ப நான் திருடியா தம்பி?"

"சேச்சே. நீங்க கருவிங்க அக்கா. அவங்க சார்பா செஞ்சிருக்கீங்க."

"அப்ப போன ஞாயித்துக்கிழமை பீடத்துல எனக்குச் சொன்ன நன்றி?"

"அதையும் திருத்தணும். அவங்க பேரச் சொல்லணும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பக்திக்கும் பெருமைக்கும் இடையே அவருக்குள் நடந்த வழக்கை நான் குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாத்தையும் அவங்க பேருக்கா எழுதணும்? நான் நம்ம வீட்டு உலைக்குப் போடுறப்ப எடுத்ததும் அதுக்குள்ளதானே கெடக்கு. அதாச்சும் எனக்கு நிக்குமா?"

"நிக்கும்."

"சரி. எழுதிக்குங்க."

புகார் செய்தவர்களோடு செயலி வழியாகப் பேச வழி இருந்தது. இரண்டு தரப்பின் எண்ணும் மற்றவருக்குத் தெரியாது. ஒவ்வொருவராக அழைத்தேன். முதலில் சென்னைக்காரர். முத்துப்பேட்டையில் பிறந்தவராம். கதையைச் சொன்னதும் வெடித்துச் சிரித்தார்.

"எங்கம்மாவும் பிடியரிசி எடுப்பாங்க சார், மதரசாவுக்கு. சின்ன வயசுல அந்தச் சட்டியத் தொட்டா அடி விழும். ஆனா ஒண்ணு, சொல்லிட்டு எடுத்திருக்கணும்ல?"

"நியாயந்தாங்க. அதான் ரசீது அனுப்புறோம்."

"எம் பேர்ல போடாதீங்க. எங்க பொண்ணு நீட் எழுதுது. அது பேர்ல போடுங்க."

அவர் தயங்காமலே புகாரைத் திரும்பப் பெற்றார். நான் பேசி முடிப்பதற்குள் செல்போன் அதை அறிவித்தது. கோயம்புத்தூர்க்காரருக்குப் புது வீடு கிரகப்பிரவேசம். வீட்டின் பெயரிலேயே போட முடியுமா என்றார். ஆலய முத்திரையோடு ஒரு வீட்டுக்கு ரசீது கொடுக்கலாமா என்று ஐயரைக் கேட்க வேண்டியிருந்தது. ஓசூர்க்காரர் தாம் நாத்திகர் என்றும், இருந்தாலும் அரிசி பசித்தவர்களுக்குப் போவதாக இருந்தால் ஆட்சேபணை இல்லை என்றும் சொல்லி, ரசீதில் 'ஆண்டவருக்கு' என்ற சொல் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார். 'சமையல் கூடத்துக்கு' என்று எழுதிக்கொடுத்தோம். அதுவும் பொய்யில்லை, ஆலயத்தில் ஏழைகளுக்குச் சமைக்கும் இடம் அது, அரிசி போவது அங்கேதான்.

பெங்களூர் அம்மாள்தான் மசியவில்லை.

"சார், நான் ஆர்டர் பண்ணது அரிசி. ஆசீர்வாதம் இல்ல."

"தெரியுதுங்க அம்மா."

"என் அரிசிய வச்சு நான் யாருக்குக் கொடுக்கணும்னு நீங்க முடிவு பண்ணுவீங்களா?"

தணிக்கையில் இருந்திருந்தால் நானே இந்தக் கேள்வியைச் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். ஆமாம் அம்மா, அது தப்புதான் என்று சொல்லிவிட்டு வைக்கப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா செல்போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஏம்மா, நான்தாம்மா எடுத்தது. நீ எங்க தம்பியத் திட்டாத. ஒரு கிலோ அரிசிய எதுக்கும்மா தராசுல வச்சுப் பாத்த? வீட்ல யாருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மறுமுனையில் அந்தக் குரல் மாறியது. மாமனாருக்குச் சர்க்கரை, ஒரு வேளைக்கு இத்தனை கிராம் என்று மருத்துவர் அளந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அதற்காகவே தராசு வாங்கியது, மாமனாரோ அளந்து போடுகிற சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்று தினம் ஒரு சண்டை. அக்கா அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பேசினார். அதில் கால்வாசி மாமனார், கால்வாசி கருப்புக்கவுனியை எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும் என்பது, மிச்சம் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"மாமனார் பேர்ல எழுதச் சொல்லிட்டா. ஞாயித்துக்கிழமை பேரச் சத்தமா வாசிக்கணுமாம். அத ரெக்கார்டு பண்ணி அனுப்பணுமாம்."

ஞாயிற்றுக்கிழமை ஐயர் பீடத்தில் நின்று, போன வார அறிவிப்பில் ஒரு திருத்தம் என்று தொடங்கினார். எங்கள் சபையில் ஒருபோதும் கேட்டிராத பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு வீட்டின் பெயரும் அதில் இருந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள், எந்த நாட்டில் மிஷன் ஆரம்பித்திருக்கிறோம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெங்களூர் மாமனாரின் பெயரை வாசிக்கும்போது நான் செல்போனை உயர்த்திப் பதிவு செய்தேன். ஆலயத்துக்குள் செல்போன் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்ததும் நான்தான் என்பதால் யாரும் என்னைத் தடுக்கத் துணியவில்லை.

அன்று பிற்பகல் கடைசிப் புகாரும் திரும்பப் பெறப்பட்டது. கம்பெனிக்கு விளக்கம் எழுத வேண்டியது பாக்கி. காரணம் என்று அவர்கள் தயாராக வைத்திருந்த பட்டியலில் இயந்திரக் கோளாறு, ஊழியர் கவனக்குறைவு, போக்குவரத்துச் சேதம் எல்லாம் இருந்தன, காணிக்கை இல்லை. 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். இந்த முறை பார்வையும் பணிவும் இல்லாமல் எழுதினேன். 'பையை மூடியவர் ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு பிடியை ஆலயத்துக்கு எடுத்துவைத்தார். வாங்கியவர்களிடம் சொல்லிவிட்டோம். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இனி சொல்லாமல் எடுக்க மாட்டோம்.' கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது. மாலைக்குள் பதில் வந்தது: விளக்கம் ஏற்கப்பட்டது, கடை தொடரலாம்.

அடுத்த நாள் மனைவி வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, செல்போனை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பெங்களூர் அம்மாள் தன் பழைய குறிப்பை அழித்துவிட்டு, 'அரிசி குறைவு. மனிதர்கள் பரவாயில்லை' என்று நான்கு நட்சத்திரம் போட்டிருந்தார். அதைப் படித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, தையல் பிரிஞ்சிடும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் டீச்சர் ஆனாள்.

"தையில புது அரிசி வந்ததும் ஒண்ணு செய்யணும். அக்கா இங்க இருந்தா கைய வைக்காம இருக்க மாட்டா. ஒரு கிலோ போடுறப்பவே ஒரு பிடி கூடச் சேத்துப் போட்டுடுங்க. அது நம்ம கணக்கு. அவ எடுத்துக்கட்டும்."

"பிடின்னா எத்தனை கிராம்?" என்றேன். "அளவு இல்லாம நடைமுறை கிடையாது."

"அதான் தராசு இருக்கே. வச்சுப் பாருங்க."

அக்காவைக் கூப்பிட்டேன். சமையலறையில் எஞ்சியிருந்த அரிசியைத் தாம்பாளத்தில் கொண்டுவந்து, வழக்கமாக எடுப்பதுபோல் ஒரு பிடி எடுக்கச் சொன்னேன். அக்கா கண்ணை மூடி, ஜெபித்து, அள்ளித் தராசில் போட்டார். எண் வந்து நின்றது. நான் குறித்துக்கொள்ளக் குனிந்தேன்.

அக்கா கண்ணைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று சங்கடமாகக் கேட்டார். பிறகு, தங்கையும் நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இடது கையாலும் ஒரு பிடி அள்ளி அதன்மேல் போட்டார்.